கலைஞரும் வானியலாளரும் சேர்ந்து ஒரு கண்காட்சி: முதல் முறை நடத்துபவர்களுக்கு

2014 செப்டம்பர் 30 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்ட்டின் காட்சிக்கூடத்தில் 'ஷேர்டு ஸ்கை' என்ற கண்காட்சி திறக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் யமாஜி பழங்குடி ஓவியர்கள் தீட்டிய ஓவியங்கள் அதில் இருந்தன. கூடவே, தென்னாப்பிரிக்காவின் நியூ பெதஸ்டா என்ற சிற்றூரிலிருந்து வந்த பெரிய துணித் தொங்கல்களும் இருந்தன. துணித் துண்டுகளை வெட்டி, ஒட்டுத்தையல் போட்டு, பலர் சேர்ந்து உருவாக்கியவை அவை.

இந்த இரண்டு கூட்டத்தாரையும் சேர்த்துவைத்தது ஒரு தொலைநோக்கித் திட்டம். ஸ்கொயர் கிலோமீட்டர் அர்ரே, சுருக்கமாக ஸ்கா. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் அந்தத் தொலைநோக்கியின் ஒரு பகுதி மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில் அமைகிறது. இன்னொரு பகுதி தென்னாப்பிரிக்காவின் காரூ வறண்ட சமவெளியில். இரண்டு இடங்களும் தென் அட்சரேகையில் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில், 27 பாகையிலும் 31 பாகையிலும் இருக்கின்றன. அதனால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தலைக்கு மேலே சுழல்வது கிட்டத்தட்ட ஒரே வானம். நடுவில் ஒரு பெருங்கடல். அதே விண்மீன்களுக்கு இந்தக் கரையில் என்ன கதை, அந்தக் கரையில் என்ன கதை? இந்தக் கேள்விதான் அந்தக் கண்காட்சியின் கரு. அடுத்த ஆண்டு அது கேப் டவுனுக்கும் போனது.

இந்த அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டாலும், இதே மாதிரி ஒன்றை ஒரு பள்ளியோ கல்லூரி வானியல் மன்றமோ ஊர் நூலகமோ செய்ய முடியும். வெளிநாட்டுக் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டும் செய்ய முடியும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வானியலை அழகாகக் காட்டித் தரும் வேலைக்கென்று கலைஞரைக் கூப்பிடாதீர்கள். வானத்தைப் பற்றித் தனக்கென்று ஒரு அறிவு உள்ளவராக அவரைக் கூப்பிடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் படி: எந்த வகைக் கண்காட்சி?

சர்வதேசக் கூட்டு முயற்சி என்றால் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு.

கோப்பு பயணம் செய்வது முதல் வழி. கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பி 400 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 2009-ஐ சர்வதேச வானியல் ஆண்டாகக் கொண்டாடினார்கள். சர்வதேச வானியல் ஒன்றியமும் யுனெஸ்கோவும் முன்னின்று நடத்தின. அப்போது 'ஃப்ரம் எர்த் டு தி யூனிவர்ஸ்' என்ற படக் கண்காட்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. அமெரிக்காவின் சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வகக் குழுவினர் அதை ஒருங்கிணைத்தார்கள். உயர்தரப் படங்களையும் விளக்கங்களையும் தேர்ந்தெடுத்துத் தொகுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் மொழியில் பெயர்த்து, தங்கள் ஊரிலேயே அச்சிட்டு, தங்களுக்குத் தோதான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பூங்கா, மெட்ரோ நிலையம், விமான நிலையம், வணிக வளாகம் என்று மக்கள் எதேச்சையாகக் கடந்துபோகும் இடங்களாகப் பார்த்து வைத்தார்கள். கப்பல் கூலி இல்லை, சுங்கம் இல்லை.

இன்னொன்று ஷேர்டு ஸ்கை வழி. கைப்பட உருவாக்கிய படைப்புகளே பயணம் செய்ய வேண்டும். செலவும் காலமும் கூடும், பொறுப்பும் கூடும். ஆனால் துணியின் நெசவையும் பூச்சின் தடிப்பையும் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குக் கிடைப்பது அச்சுப் படத்தில் கிடைக்காது.

முதல் முறை என்றால் இரண்டையும் கலந்து செய்யச் சொல்வேன். வெளிநாட்டுக் குழுவின் படைப்புகளை உயர்தரக் கோப்புகளாக வாங்கி இங்கே அச்சிடுங்கள். உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளை நேரடியாக வையுங்கள். உங்கள் கோப்புகளை அவர்களுக்கு அனுப்புங்கள். அங்கே இதேபோல் தலைகீழாக நடக்கட்டும்.

இரண்டாம் படி: ஆட்களைச் சேர்ப்பது

மூன்று பேர் இல்லாமல் இது நடக்காது. வானியல் தெரிந்த ஒருவர், கலைஞர் ஒருவர், இடத்துக்குப் பொறுப்பான ஒருவர். இடத்துக்குப் பொறுப்பானவரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சாவி அவரிடம் இருக்கிறது, மின்சாரம் அவரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை திறப்பதா இல்லையா என்பதும் அவர் கையில். முதல் கூட்டத்துக்கே அவரை அழைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் வானியல் தெரிந்தவரைத் தேடுவது கடினம் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளைகளில் விசாரித்தால் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆசிரியர் யாராவது தட்டுப்படுவார். கல்லூரி இயற்பியல் துறைகளில் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பங்காளியைப் பிடிப்பதற்கும் நேர்வழிகள் இருக்கின்றன. சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் தொடர்புக்கென ஒருங்கிணைப்பாளர்களை நியமித்திருக்கிறது. அவர்களை இணைக்கும் அலுவலகம் ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகத்தில், மிடாகாவில் இயங்குகிறது. அதே ஒன்றியத்துக்கு, வானியலை சமூக வளர்ச்சிக்குப் பயன்படுத்துவதற்கென்றே கேப் டவுனில் 2011 முதல் இன்னோர் அலுவலகமும் உண்டு. திட்டங்களுக்கு நிதி உதவியும் செய்கிறது. 'அஸ்ட்ரானமர்ஸ் விதவுட் பார்டர்ஸ்' என்ற அமைப்பு ஏப்ரல் மாதத்தை உலக வானியல் மாதமாக நடத்துகிறது; கலைக்கும் அதில் தனி இடம் தருகிறது.

கடிதம் எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். நாங்கள் யார், எந்த ஊர், எந்த மாதம், எத்தனை படைப்புகள், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம், எங்களால் என்ன தர முடியும். இந்த ஆறும் ஒரே பக்கத்தில் இருந்தால் பதில் வரும். 'இணைந்து செயல்பட ஆவலாக உள்ளோம்' என்று மட்டும் எழுதினால் வராது.

பேசும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நமக்குப் பிற்பகல் 3 மணி என்றால் பெர்த்தில் மாலை 5.30, கேப் டவுனில் காலை 11.30. மூன்று பேருக்கும் தூக்கம் கெடாத நேரம் அது.

மூன்றாம் படி: ஒரே வானத்தின் கீழே ஓர் இரவு

இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்தாலும், கடைசியில் சுவரில் ஒரு பக்கம் அறிவியல் படமும் மறுபக்கம் ஓவியமும் தொங்கும்; இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

ஷேர்டு ஸ்கைக்கு விதை போட்டது 2009-இல் யமாஜி ஓவியர்களும் கர்ட்டின் பல்கலைக்கழக ரேடியோ வானியலாளர்களும் சேர்ந்து நடத்திய 'இல்கரிஜிரி' என்ற கண்காட்சி. ஓவியம் எதுவும் தீட்டுவதற்கு முன்பு அவர்கள் தொலைநோக்கி அமையவிருந்த பூலார்டி பண்ணை நிலத்துக்குச் சேர்ந்து போனார்கள். இரவில் வானத்தின் கீழே உட்கார்ந்தார்கள். ஓவியர்கள் தங்கள் கதைகளைச் சொன்னார்கள், விஞ்ஞானிகள் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். ஓவியங்கள் அதன் பிறகே வந்தன.

அப்படி உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வானத்து ஈமுவே போதும். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலர் பால்வீதியில் ஒரு ஈமு பறவையைப் பார்க்கிறார்கள். நாம் விண்மீன்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்து உருவம் பார்த்துப் பழகியவர்கள். அவர்கள் பார்ப்பது விண்மீன்களுக்கு நடுவே உள்ள கருமையை. தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கரிய திட்டு ஈமுவின் தலை. அங்கிருந்து கழுத்து இறங்கி, விருச்சிகத்தின் பக்கம் உடல் பருத்து விரிகிறது. ஆண்டின் எந்தப் பருவத்தில் அது எந்தக் கோலத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து, ஈமு முட்டையிடும் காலத்தைக் கணிக்கிறார்கள். வானியலாளரிடம் அதே கருமையைக் காட்டிக் கேளுங்கள். பின்னால் இருக்கும் விண்மீன்களின் ஒளியை மறைக்கும் தூசியும் குளிர்ந்த வாயுவும் அது என்பார். புது விண்மீன்கள் பிறப்பது அப்படிப்பட்ட மேகங்களில்தான் என்றும் சொல்வார். இருவரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள். ஒருவர் முட்டைக் காலம் என்கிறார், இன்னொருவர் விண்மீன் பிறக்கும் இடம் என்கிறார். இதைக் கேட்டுவிட்டுத் தூரிகை எடுப்பவரும், வெறும் புகைப்படத்தை மேசையில் வைத்துப் பார்த்து வரைபவரும் ஒன்றாக வரைய மாட்டார்கள். (தெற்கு அடிவானம் திறந்திருக்கும், விளக்கு வெளிச்சம் இல்லாத மலை இடம் கிடைத்தால், மே மாதத்தில் இரவு 11 மணிவாக்கில் நம் ஊரிலிருந்தே அந்தத் தலையைத் தாழ்வாகப் பார்க்கலாம்.)

சரி, இரவை எப்படி ஏற்பாடு செய்வது? அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியை முதல் ஒரு மணி நேரம் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைபேசி ஒரு முறை ஒளிர்ந்தாலும் அந்த நேரம் வீண். டார்ச்சின் மேல் சிவப்பு செல்லோஃபேன் தாள் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் கலைஞரும் ஊர்ப் பெரியவரும் பேசட்டும், வானியலாளர் பிறகு பேசட்டும். வரிசை மாறினால் பெரியவர்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். விஞ்ஞானி சொன்னதுதான் சரி, நம்முடையது வெறும் கதை என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இங்கே யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பவர்களுக்கு: ஆறாமீனை, அதாவது கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்து நேரம் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். விண்மீன் பார்த்துத் திசை பிடித்த மூத்த மீனவர்கள் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூர், ஜவ்வாது மலையில் இருக்கிறது. அந்த மலை மலையாளி பழங்குடி மக்கள் வாழும் மலை. தொலைநோக்கி இருக்கும் நிலத்தின் மக்களுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மர்ச்சிசனில் கேட்டதை இங்கேயும் கேட்கலாம்.

நான்காம் படி: அனுமதியும் ஊதியமும்

நியூ பெதஸ்டாவின் துணித் தொங்கல்களுக்குப் பின்னால் சான் மக்களின் பழங்கதைகள் இருக்கின்றன. ஒரு சிறுமி அடுப்புச் சாம்பலை அள்ளி வானத்தில் வீசியதால் பால்வீதி உண்டானது என்பது அவற்றுள் ஒன்று. 1870-களில் கேப் டவுனில் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும் ஸாம் என்ற சான் பிரிவினரிடம் கேட்டு எழுதிவைத்ததால் அது இன்று நமக்குக் கிடைக்கிறது. சொன்னவர்களில் பலர் சிறையிலிருந்து வந்தவர்கள். அந்த மொழி இன்று பேச்சில் இல்லை. ஒரு கதை எந்தக் கை வழியாக, என்ன விலை கொடுத்து நம்மிடம் வந்தது என்பதைக் கண்காட்சி நடத்துகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு சமூகத்தின் கதையைப் பயன்படுத்தும் முன் அந்தச் சமூகத்திடமே கேளுங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் எல்லோருக்கும் சொல்லலாம் என்ற கதைகளும் உண்டு, வெளியாருக்குச் சொல்லக் கூடாதவையும் உண்டு. வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஏன் என்று துருவாதீர்கள். கலை மையங்கள் வழியாகத் தொடர்பு கொள்வது நல்ல வழி. எதைச் சொல்லலாம், யார் பெயரைப் போட வேண்டும் என்று அவர்கள் வழிகாட்டுவார்கள்.

ஊதிய விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். அச்சகத்துக்குக் கொடுக்கிறோம், பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், கலைஞரிடம் மட்டும் 'உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்கும்' என்கிறோம். இது எனக்கு ஒப்பவே ஒப்பாது. செலவுக் கணக்கு எழுதும்போது முதல் வரியில் கலைஞரின் ஊதியத்தை எழுதுங்கள்; மிச்சத்தில் மற்றதை அடக்குங்கள். படைப்பு யாருக்குச் சொந்தம், படம் எடுத்து அச்சிடலாமா, எத்தனை மாதம், விற்றால் பணம் யாருக்கு என்று ஒரு பக்க ஒப்பந்தம் போதும். இரு மொழியிலும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

ஐந்தாம் படி: வானப் படங்களை எங்கே எடுப்பது, நிறத்தை எப்படி விளக்குவது

ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் படங்களையும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கித் தளத்துப் படங்களையும் பெரும்பாலும் 'கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0' உரிமத்தில் தருகிறார்கள். யாருடையது என்று படத்தின் அருகிலேயே போட்டால் இலவசமாகப் பயன்படுத்தலாம். நாசாவின் சொந்தப் படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. ஆனால் நாசா சின்னத்தை உங்கள் பேனரில் போடக் கூடாது. நாசா நடத்தும் 'அன்றைய வானியல் படம்' பக்கத்தில் வருபவை எல்லாம் நாசாவினுடையவை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே தனிநபர்கள் எடுத்த படங்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு எடுத்தவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருகிறார்கள்.

படம் மாட்டிய ஒரு மணி நேரத்தில் யாராவது கேட்பார்கள்: 'இந்தக் கலர் உண்மையா? கம்ப்யூட்டர்ல போட்டதா?' கலையும் வானியலும் உண்மையிலேயே கைகோக்கும் இடம் இந்தக் கேள்விதான். அதனால் கூச்சப்படாமல் பதில் சொல்லத் தயாராகுங்கள்.

கழுகு நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தின் 'படைப்பின் தூண்கள்' படத்தை ஹபிள் 1995-இல் எடுத்தது. தனித்தனி வடிகட்டிகள் வழியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைச் சேர்த்து உருவானது அது. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். நேரில் பார்த்தால் கண்ணுக்கு இப்படித் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் எந்தத் தனிமம் ஒளிர்கிறது என்ற உண்மை அந்த நிறத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்ப்பது அகச்சிவப்பை. அது நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்ற வரிசையை வைத்துக்கொண்டு, 2022 ஜூலை 12 அன்று வெளியான முதல் படங்களுக்கு நிறம் சேர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஜோ டிபாஸ்குவாலேயும் அலிஸா பேகனும். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளைப் படத்தின் ஆரஞ்சும் தேர்ந்தெடுத்த நிறமே, அது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் எடுத்தது. எந்த நிறம் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுப்பது ஒரு ஓவியரின் வேலைக்கு மிக அருகில் இருக்கிற வேலை. ஒரே தரவைக் கறுப்பு வெள்ளையிலும், விஞ்ஞானிகள் கொடுத்த நிறத்திலும், உங்கள் கலைஞர் தேர்ந்தெடுத்த நிறத்திலும் மூன்று பலகைகளாக வைத்துப் பாருங்கள். மக்கள் அதிக நேரம் அங்கேதான் நிற்பார்கள்.

ஆறாம் படி: அச்சு

ஏ1 அளவு பலகை 594 × 841 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற கணக்கில் உங்கள் கோப்பு சுமார் 3500 × 5000 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது; ஆய்வகத் தளத்தில் 'முழு அளவு' கோப்பையே இறக்குங்கள்.

வானப் படங்களில் பாதிக்கு மேல் கறுப்பு. அச்சகத்துக்குச் சவாலே அதுதான். திரையில் தெரியும் மெல்லிய நெபுலா அச்சில் கறுப்புக்குள் மூழ்கிவிடும். அதனால் இருண்ட பகுதிகளைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க வேண்டும். மொத்தத்தையும் அடிக்கும் முன் ஒரே ஒரு படத்தை ஏ4 அளவில் அடித்து, கண்காட்சி நடக்கப்போகும் அதே கூடத்தில், அதே விளக்கில் வைத்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் மலிவு, ஆனால் பளபளக்கும். பக்கத்தில் பார்த்தால் சொரசொரப்பாகத் தெரியும். வினைலில் அடித்து சன்போர்டு என்ற லேசான கெட்டிப் பலகையில் ஒட்டி, மேட் லேமினேஷன் போட்டால் கண் கூசாது, மழைக்கால ஈரத்தையும் ஓரளவு தாங்கும். பளபளப்பான லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கறுப்புப் படம் கண்ணாடியாகி, பார்ப்பவர் தன் முகத்தையும் டியூப்லைட்டையும்தான் பார்ப்பார்.

ஏழாம் படி: பலகை எழுத்து

ஒரு படத்துக்கு 60 சொற்களைத் தாண்டாதீர்கள். எழுத்தின் அளவு குறைந்தது 24 பாயிண்ட். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் கலைஞரையும் வானியலாளரையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

'கழுகு நெபுலாவின் தூண்கள். தொலைவு சுமார் 6,500 ஒளியாண்டு. இந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் யாரும் எழுதத் தொடங்கியிருக்கவில்லை. தூண்களுக்குள் புது விண்மீன்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. சிவப்பு கந்தகம், பச்சை ஹைட்ரஜன், நீலம் ஆக்சிஜன். உயரமான தூணின் நீளம் ஏறக்குறைய 4 ஒளியாண்டு. சூரியனிலிருந்து அடுத்த விண்மீனுக்கு உள்ள தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவே.'

ஓவியத்துக்கான பலகையை ஓவியரே எழுதட்டும். எழுத வராது என்றால் அவர் சொல்வதைப் பதிவு செய்து, அவர் பேச்சு நடையிலேயே போடுங்கள். அதைத் திருத்தி அறிவியல் நடைக்கு மாற்றுவது பெரிய அநியாயம். வெளிநாட்டுக் கலைஞரின் பலகையைத் தமிழில் பெயர்த்தால், அவர் மொழியில் உள்ள மூலத்தையும் கீழே போடுங்கள். ஊர்ப் பெயர்களையும் மக்கள் பெயர்களையும் எப்படி உச்சரிப்பது என்று அவர்களிடமே குரல் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் மரபோடு உண்மையிலேயே தொடும் இடம் இருந்தால் சேர்க்கலாம். கார்த்திகைக் கூட்டம் அதற்குப் பொருத்தம். யமாஜி ஓவியங்களில் அது ஏழு சகோதரிகளாக வருகிறது. கிரேக்கர்களுக்கும் ஏழு சகோதரிகள். நமக்கு முருகனை வளர்த்த ஆறு பெண்கள். மூன்றையும் ஒரே பலகையில் வைத்து, வெறும் கண்ணால் எத்தனை தெரிகிறது என்று பார்வையாளரையே இரவில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: இடமும் மாதமும்

கலைக்கூடத்துக்குப் போகிற பழக்கம் இல்லாதவர்கள் தான் உங்கள் பார்வையாளர்கள். நூலகத்தின் நுழைவு வழி, அரசு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம், ரயில் நிலையம், பள்ளி வராந்தா என்று யோசியுங்கள். பூட்டிய அறைக்குள் ஒரு வாரம் வைப்பதைவிட ஆட்கள் நடமாடும் வராந்தாவில் மூன்று நாள் வைப்பது மேல்.

படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அதிகம் என்றால் இன்னும் ஒரு சாண் இறக்குங்கள். விளக்கு மேலிருந்து சாய்வாக விழட்டும். விண்வெளி மாதிரி இருக்கட்டும் என்று கூடத்தையே இருட்டாக்காதீர்கள். முதியவர்கள் தடுக்கி விழுவார்கள்.

எந்த மாதம்? பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். மூன்றில் நான் பிப்ரவரியைத்தான் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிந்திருக்கும். அந்தி சாய்ந்ததும் கார்த்திகையும் திருவாதிரையும் உச்சியில் நிற்கும். கூடத்தில் படத்தைப் பார்த்தவரை வெளியே அழைத்து வந்து அதே பொருளை வானத்திலேயே காட்டலாம்.

பொதுமக்களுக்குத் தொலைநோக்கி வைக்கும் மாலைக்கு அமாவாசையைவிட அரைநிலா நாள் நல்லது. நிழல் நீண்டு விழுவதால் நிலவின் பள்ளங்கள் பளிச்சென்று தெரியும். ஊர் வெளிச்சத்திலும் தெரியும். பகலில் சூரியனைக் காட்டுவதாக இருந்தால், முன்கண்ணாடியை மூடும் முறையான சூரிய வடிகட்டி இல்லாமல் யாரையும் கண் வைக்க விடாதீர்கள். தெரிந்த ஒருவர் தொலைநோக்கியை விட்டு நகரவே கூடாது.

ஒன்பதாம் படி: தொடவும் கேட்கவும்

பார்வையற்றவர்களுக்கு வானத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் கண்ணுக்குக் கருந்துளையும் தெரியாது, ரேடியோ அலையும் தெரியாது. அந்த வகையில் நாம் எல்லோருமே கருவியின் உதவியோடுதான் பார்க்கிறோம். ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகத்தில் அமெலியா ஓர்ட்டிஸ் கில் குழுவினர் விண்மீன் கூட்டங்களைத் தடவிப் பார்க்கும்படி ஓர் அரைக்கோளம் செய்தார்கள். 2009 படக் கண்காட்சிக்கே பிரெயில் எழுத்தோடு தொடு பலகைகளும் தயாராயின. சந்திரா குழு 2020 முதல் தொலைநோக்கித் தரவை ஒலியாகவும் மாற்றித் தருகிறது. ஹெட்ஃபோன் மாட்டி ஒரு மேசையில் வைத்தால் போதும்.

உள்ளூரிலேயே செய்ய எளிய வழி: கெட்டித் துணியில் தடித்த நூலால் விண்மீன் கூட்டத்தைத் தைத்து, விண்மீன் இருக்கும் இடங்களில் மணிகளைக் கோப்பது. ஒளி அதிகமுள்ள விண்மீனுக்குப் பெரிய மணி. எம்பிராய்டரி தெரிந்த பெண்கள் குழு எந்த ஊரிலும் இருக்கும்; அவர்களும் இந்தக் கண்காட்சியின் கலைஞர்களே, பெயர்ப் பலகையில் அவர்கள் பெயரும் வர வேண்டும். செய்து முடித்ததும் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லி, அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகே கூடத்தில் வையுங்கள்.

பத்தாம் படி: அடுத்த ஊருக்கு அனுப்புவது

கண்காட்சி முடிந்ததும் பலகைகளைப் பரணில் போட்டுவிட வேண்டாம். கோப்புகளை ஒழுங்காகத் தொகுத்தால் அது ஊர் ஊராகப் போகும். அச்சுக் கோப்புகள், தமிழ் மற்றும் ஆங்கிலப் பலகை உரைகள், ஒவ்வொரு படைப்பின் உரிமை விவரம், மாட்டும் வரிசையின் வரைபடம், கலைஞர்கள் எத்தனை நாள் வரை அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்ற குறிப்பு, இவ்வளவும் ஒரே உறையில் இருக்கட்டும். இதே தொகுப்பைத்தான் வெளிநாட்டுக் குழுவுக்கும் அனுப்பப் போகிறீர்கள்.

அசல் படைப்பையே அனுப்புவதாக இருந்தால் துணி வேலைப்பாடு பயணத்துக்கு ஏற்றது. சட்டம், கண்ணாடி எதுவும் வேண்டாம். அக்ரிலிக் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அகலமான குழாயில் பூச்சு வெளிப்புறம் வரும்படி சுருட்ட வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் பூச்சு நசுங்கி வெடிக்கும். கட்டுவதற்கு முன் நான்கு மூலைகளையும் பின்பக்கத்தையும் தேதியோடு படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கத்துக்கு 'ஏடிஏ கார்னே' என்ற ஆவணம் இருக்கிறது. கண்காட்சிக்காகத் தற்காலிகமாக வெளிநாடு போய்த் திரும்பும் பொருளுக்கு இறக்குமதித் தீர்வை கட்டாமல் போய்வர அது உதவும். இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிக, தொழில் கூட்டமைப்பு வழங்குகிறது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஏற்றுக்கொள்கின்றன. அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். பட்டியலில் எழுதிய பொருள் அத்தனையும் திரும்பி வர வேண்டும், எனவே விற்பனைக்கான படைப்புகளை அதில் சேர்க்காதீர்கள். போகும்போது ஒரு முத்திரை, அங்கே இறங்கும்போது ஒன்று, அங்கிருந்து கிளம்பும்போது ஒன்று, இங்கே வந்து சேர்ந்ததும் ஒன்று. அங்கிருந்து கிளம்பும்போது வாங்க வேண்டிய முத்திரையை அவசரத்தில் விட்டுவிட்டால், பொருள் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கணக்காகி, பிறகு தீர்வை கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதனால் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.